மறிப்பவள்

எங்கள் ஆட்டக்காலம் எப்போது தொடங்கும் என்பது ஹொக்கிக்காரர்களின் கையில் இருக்கிறது. ஒன்ராறியோவின் சிறுநகரங்களில் வசந்தம் வந்ததும் ஹொக்கி அரங்குகளின் ஐஸை எடுத்துவிடுவார்கள். பல மாதங்களாக அதன் அடியில் கிடந்த சீமெந்துத் தரை அப்போதுதான் வெளியே வரும். கோடை முடிந்து மீண்டும் ஐஸ் போடும்வரை அந்தத் தரையை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவார்கள். ரொறன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஓர் ஊரில் ரோலர் டெர்பி ஆடும் எங்களுக்கு ஆண்டு தொடங்குவது அன்றைக்குத்தான். பனிக்காலப் பயிற்சியெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில் அரைப் பாதையில் நடக்கும். முழுப் பாதை கிடைப்பது ஐஸ் போன பிறகு.

முதல் நாள் யாரும் ஸ்கேட் அணிவதில்லை. எல்லோரும் முழங்காலில் நின்று கோடு போடுகிறோம். நீள்வட்டத்தின் உள்கோட்டுக்கு இரண்டு மையப்புள்ளிகள், 35 அடி இடைவெளியில். ஒருத்தி அளவுநாடாவின் நுனியைப் புள்ளியில் அழுத்திப் பிடித்துக் குந்தியிருக்க, மற்றவள் 12.5 அடி ஆரத்தில் அரைவட்டம் போடுவாள். வெளிக்கோட்டுக்கு ஆரம் 26.5 அடி. அதற்கான மையங்கள் ஓர் அடி தள்ளி இருக்கும். அந்த ஓர் அடியால்தான் பாதை ஓரிடத்தில் 13 அடியாகவும் இன்னோரிடத்தில் 15 அடியாகவும் அகலம் மாறுகிறது. கோட்டின் வழியே மெல்லிய கயிற்றை வைத்து அதன்மேல் டேப்பை ஒட்டுவோம். ஆட்டத்தில் கண் கீழே போகாது. சில்லு கயிற்றில் ஏறும்போது எல்லை வந்துவிட்டது என்று காலுக்குத் தெரிந்துவிடும். டேப் சுருங்காமல் வளைவில் ஒட்டுவது தனித் தேர்ச்சி. எங்கள் அணியில் அதற்குப் பேர்போனவள் ஒரு மருத்துவத் தாதி. இரவு வேலை முடித்து நேரே வந்து வளைவுகளை ஒட்டிவிட்டுத்தான் தூங்கப் போவாள்.

இந்த டேப்பும் கயிறும் இல்லாவிட்டால் நான் ரோலர் டெர்பியைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டேன். இந்த விளையாட்டு 1935 ஆவணி மாதம் சிக்காகோ கொலிசியத்தில் பிறந்தது. லியோ செல்ட்ஸர் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர், பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் மக்களை அரங்குக்கு இழுக்க, ஆணும் பெண்ணும் சோடியாகச் சுற்றிச்சுற்றி ஸ்கேட் ஓட்டும் நெடுந்தொலைவுப் போட்டி ஒன்றை நடத்தினார். சில ஆண்டுகளில் அது முட்டிமோதிப் புள்ளியெடுக்கும் ஆட்டமாக மாறியது. பிறகு தொலைக்காட்சிக்கு வந்து பெரும் கூட்டத்தைச் சேர்த்தது. 1973இல் செல்ட்ஸர் குடும்பம் கடையைச் சாத்தியது. அந்தக் காலத்துப் பாதை பலகையால் கட்டியது. வெளிப்பக்கம் உயர்ந்து சரிவாக இருக்கும். அதைக் கட்டவும் கொண்டுபோகவும் வைத்திருக்கவும் காசு வேண்டும். 2001 அளவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பெண்கள் இதை மறுபடி கையிலெடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் பிரிந்துபோய்ச் சமதரையில் கோடு போட்டு ஆடத் தொடங்கினார்கள். அதுதான் திருப்பம். தரை, டேப், கயிறு, அளவுநாடா இருந்தால் எந்த ஊரிலும் ஆடலாம் என்று ஆகிவிட்டது. 2004இல் சமதரைக் குழுக்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. டபிள்யூ.எஃப்.டி.டி.ஏ. என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஆடுபவர்களே நடத்தும் சங்கம் அது. விதிகளையும் அவர்களே எழுதி, அவர்களே வாக்களித்து மாற்றுகிறார்கள்.

பழைய தொலைக்காட்சி நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால் என் தோழிகள் சிலர் முகம் சுளிப்பார்கள். அதில் பாதி நாடகம், போலிச் சண்டை, அதோடு எங்களுக்கு என்ன உறவு என்பார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. ஜோன் வெஸ்டன், ஆன் கல்வெல்லோ போன்ற அந்நாளைய டெர்பிக்காரிகள் ஸ்கேட் ஓட்டிச் சம்பளம் வாங்கிய காலத்தில், விளையாட்டால் உண்டு உடுத்த பெண்கள் உலகத்தில் எத்தனை பேர்? ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பாதை, ஒரே விதி என்று 1935இலேயே நடந்த விளையாட்டு இது. இன்று நாங்கள் ஆடுவது முழுக்க உண்மையான போட்டி. ஆனால் ஒருவருக்கும் சம்பளமில்லை. மாதச் சந்தா கட்டித்தான் ஆடுகிறோம். எதைப் பெற்றோம், எதை விட்டோம் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

நான் இதற்குள் வந்தது 2011 மார்கழியில். இந்த விளையாட்டின் முதல் உலகக் கிண்ணம் ரொறன்ரோவின் டவுன்ஸ்வியூவில் நடந்தது. பதின்மூன்று நாடுகள். நான் வேலை செய்த மருந்துக்கடையில் கூட இருந்தவள் அனுமதிச்சீட்டு ஒன்று மேலதிகமாக இருக்கிறது என்று கூட்டிப்போனாள். இறுதியாட்டம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும். 336க்கு 33 என்று கனடா தோற்றது. அரங்கு முழுக்கக் கனடாவின் சனம். அந்தப் புள்ளிகளைப் பார்த்தும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. என் கண் புள்ளிப்பலகையில் இருக்கவில்லை. கனடாவின் பெண்கள் திரும்பத் திரும்பப் போய் மோதினார்கள். அமெரிக்காவின் நான்கு பெண்கள் குனிந்து, ஒட்டி, நகர்ந்து, மறுபடி ஒட்டி நின்றார்கள். கூட்டம் ஓடுபவளைப் பார்த்துக் கத்தியது. நான் நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் என் பள்ளிக்கூடம். ஊரில் நான் வலைப்பந்து ஆடியவள், தடுக்கும் பக்கத்தில். வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். கையை உயர்த்தி, குதிக்காலை ஊன்றி, உடம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தடுக்க வேண்டும். தோளோடு தோள் பட்டாலே விசில். எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குப் பழக்கியது அதுதான்: ஒதுங்கி நில், இடித்துவிடாதே, உன் உடம்பு யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக்கூடாது. பஸ்ஸிலும் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் வேறு யாரும் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லாதபடி அது ஊறியிருந்தது. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வழியில் தன் இடுப்பை வைத்து, இந்த இடம் எனக்கு வேண்டும் என்று நிற்பதை ஒரு விதிப்புத்தகமே அனுமதிக்கிறது என்று டவுன்ஸ்வியூவில்தான் கண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தோழியிடம் கேட்டது ஒன்றுதான்: "இதை எங்கே பழக்குகிறார்கள்?"

ஆட்டம் இப்படி. பந்து கிடையாது. ஓர் அணியிலிருந்து ஐந்து பேர் இறங்குவார்கள். ஒருத்தி ஜாமர், அவளுடைய ஹெல்மெட் உறையில் நட்சத்திரம் இருக்கும். மற்ற நால்வரும் பிளாக்கர்கள். அவர்களில் பட்டை போட்ட உறை அணிந்தவள் பிவட். தேவைப்பட்டால் ஜாமரின் நட்சத்திர உறையைக் கையில் வாங்கி, தானே ஜாமர் ஆகலாம். விசில் அடித்ததும் இரண்டு அணி ஜாமர்களும் பின்னாலிருந்து வந்து, எட்டுப் பிளாக்கர்களின் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். பிழை செய்யாமல் முதலில் வெளியே வருபவள் முன்னணி ஜாமர். அதன்பிறகு சுற்றி வந்து எதிரணிப் பிளாக்கர்களைத் தாண்டத் தாண்ட ஆளுக்கொரு புள்ளி. இந்த ஒரு மூச்சுக்குப் பெயர் ஜாம். கூடினால் 2 நிமிடம். முன்னணி ஜாமர் தன் இடுப்பில் கைகளால் தட்டிக் காட்டினால் அதற்கு முன்பே முடியும். 30 வினாடி இடைவெளி, அடுத்த ஐவர் இறங்குவார்கள். இப்படி 30 நிமிடப் பாதிகள் இரண்டு. யாழ்ப்பாணத்தில் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இது உடனே விளங்கும்: கோட்டில் நின்று மறிப்பவர், பெட்டியைக் கடக்கப் பார்ப்பவர், அதே தவிப்புத்தான். வேறுபாடு, இங்கே கோடும் நகர்கிறது, மறிப்பவரும் நகர்கிறார்.

எங்கள் ஆட்டத்தைப் பார்க்க முதன்முதலாக வந்தபோது அம்மா கேட்ட கேள்வி: "அந்த நட்சத்திரம் போட்ட பிள்ளையை ஏன் எல்லாரும் சேர்ந்து வதைக்கினம்?"

அம்மா சரியான இடத்தைத்தான் பிடித்தார். எல்லோரும் ஜாமரைப் பார்க்கிறார்கள். படம் எடுப்பவர்கள் அவளைத்தான் எடுக்கிறார்கள். 2009இல் ட்ரூ பாரிமோர் இயக்கிய 'விப் இட்' படமும் ஓடுபவளின் கதைதான். அதைப் பார்த்துவிட்டு வரும் புதியவர்கள் எல்லோரும் நட்சத்திரம் போட ஆசைப்படுவார்கள். நான் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து பிளாக்கர். ஆட்டத்தை வெல்வது சுவர் என்று மனதார நம்புகிறேன்.

சுவர் எப்படி நிற்கிறது என்று சொல்கிறேன். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில், இடுப்போடு இடுப்பு ஒட்டி, முன்னோக்கி நிற்பார்கள். ஜாமர் அவர்களுக்குப் பின்னால். மூன்றாமவள் அவர்களுக்கு எதிரே திரும்பி நின்று தோளிலும் இடுப்பிலும் கையூன்றித் தாங்குவாள். முன்னோக்கி நிற்பவர்களுக்கு ஜாமர் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. மூன்றாமவளே அவர்களின் கண். "உள்ளே, உள்ளே, வெளியே, இடுக்கு" என்று அவள் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பாள். நான்காமவள் விட்டு நிற்பாள். ஓட்டை விழும் இடத்தை அடைப்பாள், அல்லது எங்கள் ஜாமருக்கு வழிசெய்யப் போவாள். ஏனென்றால் அதே நேரத்தில் எதிரணியின் நால்வரும் எங்கள் ஜாமரை மறித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு கூட்டத்துக்குள்ளேயே தாக்குதலும் தடுப்பும் ஒன்றாக நடக்கும் விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கையால் தொடலாம், ஊன்றலாம். ஆனால் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துச் சங்கிலி கோத்து மறித்தால் தண்டனை. முழங்கை, முன்கை, உள்ளங்கையால் எதிரியைத் தள்ளக்கூடாது. முதுகில் இடிக்கக்கூடாது, தலையிலும் கழுத்திலும் படக்கூடாது, நடுத்தொடைக்குக் கீழே தட்டக்கூடாது. எங்கள் முதுகில் தள்ள முடியாதபடியால் ஜாமர் பக்கவாட்டைத் தேடுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டி நிற்கும் இரண்டு இடுப்புகளுக்கு நடுவில் உள்ள இடுக்கைத் தேடுவாள். அந்த இடுக்குத்தான் என் தொழில். அவளுடைய தோள் அங்கே நுழையும் கணத்தில், பக்கத்தில் நிற்பவளின் இடுப்பு என் இடுப்பை நோக்கி வருகிறதா என்று தோலில் தெரிய வேண்டும். கேட்டு, யோசித்து, நகர்ந்தால் அவள் போய்விடுவாள். பல மாதம் ஒரே ஆட்களோடு நின்று பழகினால்தான் இது வரும். ஒரே இடத்தில் சேர்ந்து நின்றபடியே, குதிக்கால்களை வெளியே தள்ளிச் சில்லுகளின் விளிம்பால் தரையை அரைத்து வேகத்தைக் கொல்வோம். தொடை எரியும். குந்திய நிலையிலிருந்து ஒருத்தி நாலு விரற்கடை எழுந்தாலும் சுவரின் அடி விட்டுப்போகும்.

சில்லுக்கும் இதில் பங்கு உண்டு. அதன் கடினத்தை எண்ணால் சொல்வார்கள். எண் குறைந்தால் மென்மை, பிடிப்பு அதிகம். ஐஸ் எடுத்த சீமெந்துத் தரை வழவழப்பானது. அங்கே நான் 88ஏ அளவில் போடுவேன். பள்ளிக்கூட மண்டபத்தின் தரை பிடித்து இழுக்கும்; அங்கே அதைவிடக் கடினமான சில்லு வேண்டும். வெயில் ஏறிய நாளில் குளிர்ந்த சீமெந்தின்மேல் நீர் பூத்துவிட்டால் எந்தச் சில்லும் உதவாது. விசிறிகளைப் போட்டுவிட்டு, துடைப்பான்களோடு எல்லோரும் இறங்குவோம்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் ஒன்று இருக்கிறது. ஜாமரை இடித்து எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டால், தள்ளியவளுக்குப் பின்னால்தான் அவள் திரும்ப உள்ளே வர முடியும். ஆகவே தள்ளியவள் உடனே திரும்பி, பாதையில் பின்னோக்கி ஓடுவாள். அவள் போகப்போக ஜாமரும் வெளியே அதே தூரம் பின்னால் போக வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம்? இரண்டு அணிப் பிளாக்கர்களும் ஆளுக்காள் பத்தடிக்குள் நிற்கும் பெரிய கூட்டத்துக்குப் பெயர் பேக். அதன் முன்னும் பின்னும் 20 அடிவரைதான் மறிக்கலாம். அந்த எல்லையைத் தாண்டி ஓடினால் பின்னோட்டம் செல்லாது. எனவே பின்னால் ஓடுபவளுக்கு இடம் நீளும்படி, மற்ற தோழிகள் ஆளுக்கொரு பத்தடிக்குள் இடைவெளிவிட்டுப் பாலம் போல நீண்டு நிற்பார்கள். ஒருத்தி செய்த ஓர் இடியை மூன்று பேர் சேர்ந்து அரை நிமிடம் நீளமுள்ள தடையாக்கிவிடுவார்கள். அதைச் செய்து முடித்ததும் எனக்கு வரும் சந்தோசத்தை வேறு எந்த வேலையிலும் நான் கண்டதில்லை.

தண்டனை கிடைத்தவள் கதிரையில் 30 வினாடி இருக்க வேண்டும். ஏழு தண்டனை சேர்ந்தால் ஆட்டத்தைவிட்டே வெளியே. நால்வரில் ஒருத்தி கதிரைக்குப் போனால் சுவர் மூவர். இருவர் போனால் இருவர். ஜாமரே போய்விட்டால் அந்த 30 வினாடியும் எதிரணிக்கு மட்டும் புள்ளி. இதனால் இந்த ஆட்டத்தில் கோபத்துக்கு இடமில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அடிதடி என்று நினைக்கிறார்கள். உள்ளே நிற்பவளுக்கு ஒவ்வொரு இடியிலும் தோளின் எந்தப் பக்கம், எதிரியின் எந்த இடம், என் கால் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் கணக்கை வைத்திருக்கும் ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. ஓர் ஆட்டத்துக்கு ஸ்கேட்டில் நிற்கும் நடுவர்களே ஏழு பேர்வரை. அதற்குமேல் புள்ளி எழுதுபவர்கள், தண்டனை குறிப்பவர்கள், நேரம் பார்ப்பவர்கள், கதிரையருகே மணிக்கூடு பிடிப்பவர்கள். ஒருவருக்கும் காசு இல்லை. எங்கள் ஆட்டங்களில் பக்கத்து ஊர்க் குழுவினர் வந்து நிற்பார்கள்; அவர்களின் ஆட்டத்துக்கு நாங்கள் போவோம். அணியில் உள்ள ஒவ்வொருத்திக்கும் ஆட்டத்தோடு இன்னொரு வேலையும் உண்டு. நான் சில ஆண்டுகள் கணக்குப் பார்த்தேன். அரங்கு வாடகை, காப்புறுதி, முதலுதவியாளருக்குக் கொடுப்பது, டேப். கதவில் விற்கும் சீட்டால் வாடகையைக்கூட மூட முடியாத நாட்கள் உண்டு. மிச்சத்தைத் தின்பண்ட மேசை கொண்டுவரும். அந்த மேசைக்கு அம்மா சுட்டுத் தரும் ரோல்ஸ் முதல் பாதி முடியுமுன்னே தீர்ந்துபோகும். எதிரணிக்காரர் சிலர் இறங்குமுன்பே காசு கொடுத்து ஒதுக்கி வைப்பார்கள்.

அம்மா அந்த இடத்துக்கு உடனே வந்துவிடவில்லை. தொடக்கத்தில், "உனக்கேன் பிள்ளை இந்த வேலை? கால் கை முறிஞ்சால் ஆர் பாக்கிறது?" என்றுதான் ஒவ்வொரு கிழமையும் கேட்பார். அது வெறும் பயம் அல்ல, நியாயமான கேள்வி. விடையும் அம்மாவின் கண்ணுக்கு முன்னால்தான் வந்தது. ஒரு பயிற்சியில் எங்கள் ஜாமர் ஒருத்தி விழுந்தபோது கால் கீழே மாட்டி, கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்தன. டெர்பி ஆடும் எல்லோரும் அஞ்சும் முறிவு அது. எங்கள் வழக்கப்படி அரங்கில் இருந்த அத்தனை பேரும் இருந்த இடத்தில் ஒரு முழங்காலை ஊன்றினோம். முதலுதவியாளர் மட்டும் நடமாடினார். அறுவைச்சிகிச்சைச் செலவை மாகாணக் காப்புறுதி பார்த்துக்கொண்டது. வேலைக்குப் போகாத கிழமைகளுக்கு யார் பொறுப்பு? அணி பட்டியல் போட்டது. திங்கள் ஒருத்தி சாப்பாடு, செவ்வாய் ஒருத்தி பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றுவது, இன்னொருத்தி உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவது. வியாழக்கிழமைச் சாப்பாடு என் பங்கு, சமைத்தவர் அம்மா. சோறும் பருப்பும் கோழிக்கறியும் கொண்டுபோய் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் கட்டிலருகே ஒரு மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டு வந்தார். அதன்பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. "முழங்கால் கவசம் போட்டியோ?" என்று மட்டும் கேட்பார்.

முறிவை விடக் கண்டல் அடிக்கடி வரும். மேற்கை, இடுப்பு, தொடை, நெஞ்சின் பக்கம் என்று ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாகிப் போகும். ஒரு முறை வேறெதற்கோ போனபோது குடும்ப வைத்தியர் என் கையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மெதுவாகக் கேட்டார்: வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? நான் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் இன்னுமொரு தடவை, வேறு விதமாகக் கேட்டார். என் கைத்தொலைபேசியில் இருந்த பயிற்சிக் காட்சியைக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. டெர்பிக்காரர் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. சிலர் இதைப் பகிடியாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வராது. எங்கள் சனத்துக்குள்ளேயே கண்டிய கையை நீளக்கைச் சட்டையால் மறைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்த பெண்களை அறிவேன். அவர்களிடம் யாரும் இப்படிக் கதவைச் சாத்திக் கேட்டதாக எனக்குத் தெரியாது. புதிதாகச் சேருபவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வைத்தியர் கேட்டால் எரிச்சல்படாதே. பொறுமையாக உண்மையைச் சொல். அடுத்த பெண்ணிடம் அவர் கேட்காமல் விட்டுவிடக்கூடாது.

பட்டப்பெயரைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சொற்களைத் திருப்பிப்போட்டுப் பயமுறுத்தும் பெயர் ஒன்றைச் சட்டையில் எழுதிக்கொள்வது இந்த விளையாட்டின் மரபு. இப்போது பலர் சொந்தப் பெயரிலேயே ஆடுகிறார்கள். நானும் அப்படியே. அறிவிப்பாளர் என் முழுப்பெயரைத் தட்டுத்தடுமாறாமல் சொல்ல ஓராண்டு எடுத்தது. இப்போது அழகாகச் சொல்கிறார். பெண்கள் அணி என்றாலும் எங்களோடு திருநங்கைகளும், ஆண் பெண் என்ற வகைக்குள் தம்மை வைத்துக்கொள்ளாதவர்களும் ஆடுகிறார்கள். சங்கத்தின் கொள்கையும் அதுதான். சுவரில் பக்கத்தில் நிற்பவளிடம் நான் எதிர்பார்ப்பது அவளுடைய இடுப்பு சரியான நேரத்தில் வர வேண்டும் என்பதைத்தான்.

2020 பங்குனியில் எல்லாம் நின்றது. உடம்போடு உடம்பு ஒட்டி, முகத்துக்கு முகம் மூச்சுவிட்டு ஆடும் ஆட்டத்துக்குப் பெருந்தொற்றில் இடமே இல்லை. மற்ற விளையாட்டுகள் திரும்பிய பிறகும் நாங்கள் பொறுத்திருந்தோம். வாகனத் தரிப்பிடங்களில் தள்ளித்தள்ளி நின்று சுற்று ஓடினோம். சுவர் மட்டும் கட்ட முடியாது. திரும்பி வந்தபோது பாதிப் பேர் இல்லை. வேலை மாறியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஊர் மாறியவர்கள், இரண்டு வருடம் சும்மா இருந்த முழங்காலோடு மறுபடி தொடங்க விரும்பாதவர்கள். பக்கத்து ஊர்க் குழுவுக்கும் அதே நிலை. இரண்டையும் ஒன்றாக்கினோம். ஆண்டுக்கணக்காக எதிரே நின்று மறித்தவளோடு இடுப்பை ஒட்டி நிற்கப் பழக வேண்டியிருந்தது. அவளுடைய இடுப்பு எங்கே வரும் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இத்தனை வருடம் அதைத்தானே உடைக்கப் பார்த்தேன்.

இப்போது நான் ஆடுவது குறைவு, பழக்குவது கூட. இதில் எனக்கும் எங்கள் பயிற்சிக் குழுவில் சிலருக்கும் இடையே ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சேர்ந்தபோது புதியவள் எவளும் ஐந்து நிமிடத்தில் 25 சுற்று ஓடிக் காட்ட வேண்டும். அந்த எண்ணிக்கை வரும்வரை யாரோடும் முட்ட விடமாட்டார்கள். வேகம், நிறுத்தம், திரும்புதல், சிறிதாக விழுதல் எல்லாம் முதலில், தொடுகை கடைசியில். விழுவதையும் நிறுத்துவதையும் முதலில் பழக்க வேண்டும் என்பதில் எனக்குக் கேள்வியே இல்லை. அதில்லாமல் எலும்பு தப்பாது. ஆனால் சுற்று எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு பல பேரை இழந்திருக்கிறோம். நாற்பது வயதில் வந்தவர்கள், உடல் கனத்தவர்கள், முதல் குழந்தைக்குப் பிறகு வந்தவர்கள். 22, 23 சுற்றில் நின்று, வெட்கப்பட்டு, வராமல் போய்விட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் எங்களுக்கு வேண்டிய பிளாக்கர்கள்! சுவருக்கு முதலில் வேண்டியது தாழ்ந்த இடுப்பு, காது, பக்கத்தில் நிற்பவளை உணரும் தோல்.

ஆகவே என் வகுப்பில் புதியவர்களை முதல் மாதத்திலேயே ஸ்கேட் இல்லாமல், சப்பாத்தோடு, மூவராக நிறுத்துகிறேன். இடுப்பை ஒட்டச் சொல்வேன். ஒட்டுவதற்குக் கூச்சப்படுவார்கள், "மன்னிக்கவும்" என்று சொல்லிக்கொண்டே விலகுவார்கள். எங்கள் பெண்களில் அந்தக் கூச்சம் கூட. ஸ்கார்பரோவிலிருந்து இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இப்போது வருகிறார்கள், அவர்களிடம் என்னையே பார்க்கிறேன். மன்னிப்பு இங்கே தேவையில்லை, அவளுக்கு உன் பாரம் வேண்டும், கொடு என்பேன். பிறகு பின்னாலிருந்து நான் மெதுவாக இடுக்குக்குள் தோளை நுழைப்பேன். மூன்றாம் நான்காம் கிழமையில் ஏதோ ஒரு நாள் இடுக்கு மூடிக்கொள்ளும். நான் எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. அதன்பிறகு அவர்கள் ஸ்கேட் மாட்டிச் சுற்று ஓடும்போது கால் வேறு மாதிரி ஊன்றுகிறது. எதற்காக ஓடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைத் தனி வகுப்பாக, கிழமைக்கு ஒரு நாள், சுற்றுச் சோதனைக்கு முன்னாலேயே நடத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காப்புறுதி இடம் தருமா, அதற்கு மண்டப வாடகை எங்கிருந்து வரும் என்று இரண்டு கேள்வி வந்திருக்கிறது. இரண்டுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை பயிற்சிக்குப் பிறகு வாக்கெடுப்பு.